பந்தைப் பார்க்காத அக்கா

"முட்டுடா மனே! நெஞ்சில போய் முட்டு! நெஞ்சில!"

மொன்றியலின் மேற்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானம். அதன் இரும்புப் படிகளில் ஏறி நின்று, கழுத்து நரம்பு புடைக்க, சுத்தமான மட்டக்களப்புத் தமிழில் அக்கா இப்படித்தான் கத்துவார். சுற்றியிருந்த பிரெஞ்சுக்காரருக்கு விளங்கியிருந்தால் பொலிசைக் கூப்பிட்டிருப்பார்கள். விளங்காதபடியால் கைதட்டினார்கள். ஒரு கிழவர் அக்காவுக்குக் கோப்பிகூட வாங்கி வந்து கொடுப்பார்.

இங்கே ஃபுட்போல் என்றால் நம்முடைய உதைபந்தாட்டம் இல்லை. ஹெல்மெற்றும் தோள்கவசமும் போட்ட பொடியன்கள் ஆளை ஆள் இடித்து விழுத்தும் ஆட்டம். பள்ளிக்கூடம் முடித்தவர்கள் பல்கலைக்கழகம் போகமுன் படிக்கும் கல்லூரிகள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. ஓகஸ்ட் முடிவில் தொடங்கினால் நவம்பரில் பனி விழும்வரை சனிக்கிழமை தவறாமல் ஆட்டம். அணிகள் கொஞ்சம்தான். அதனால் அதே முகங்களோடுதான் திரும்பவும் மோத வேண்டும். செப்டெம்பரில் விலா எலும்பு உடைந்தவன் அதை மறந்துபோகமுன் ஒக்டோபரில் எதிரே வந்து நிற்பான்.

அக்காவின் ஒரே மகன் தர்ஷன் செம்மஞ்சள் சட்டை அணியில் ஆடினான். எதிரணியில் பந்தை எறிபவனை, குவாட்டர்பேக் என்பார்கள், ஓடிப்போய் விழுத்துவதுதான் அவன் வேலை. நல்ல வேலை. ஆறடிக்கு மேல் உயரம், கதவளவு தோள், வீட்டில் பால் போத்தலைத் திறக்கக் கேட்டால் மட்டும் சோம்பல். நான் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர்கள் இருந்த கட்டிடத்தின் கீழ்மாடியில் இருந்தேன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவனுக்குச் சனிக்கிழமை என்ன வேலை? காரும் இருந்தது. ஆகவே அக்காவின் சாரதி ஆனேன். ஆட்டம் எனக்குப் பிடிக்கும், டிவியில் பார்த்துப் பழக்கம். அக்காவுக்கு அதன் விதி ஒன்றுமே தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். "அக்கா, பந்து இப்ப அவங்கட கையில. பத்து யார் தூரம் போகவேணும்…"

"பந்து எங்க போனா எனக்கென்ன தம்பி? என்ட பிள்ளை பந்தைத் தொடுறானா?"

தொடுவதில்லைதான். எல்லோரும் பந்தைப் பார்க்க, அக்கா முழு நேரமும் மகனை மட்டும் பார்ப்பார். நாங்கள் எழும்பிக் கத்தும்போது அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் திரும்பவும் குந்தியபிறகு தனியாக எழும்பி நின்று, "அதுதாண்டா அடி!" என்பார். எங்களுக்கெல்லாம் ஒரு ஆட்டம், அக்காவுக்கு வேறொரு ஆட்டம்.

அடிதடிக்கு அக்கா பயந்தவர் அல்ல. இரத்தத்துக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டும் வேலை. ஒரு நாள் தர்ஷனின் சுண்டுவிரல் மூட்டு கழன்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது. காரின் பின்சீற்றில் அவன் பல்லைக் கடித்தபடி இருந்தான். அக்கா அவன் கையை மடியில் வைத்து, "இரவைக்கு என்ன கறி வேணும் மனே?" என்று கேட்டார். அவன் வாய் திறக்கமுன் ஒரே இழுவை. சத்தம் எனக்கு முன்சீற்றில் கேட்டது. நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். திரும்பி வந்தபோது தாயும் மகனும் நண்டுக்கறியா இறால்கறியா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அக்காவிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. அதை அவர் நீட்டி விளக்கிச் சொன்னதில்லை, செய்வதைப் பார்த்துத்தான் பிடிபடும். எங்கள் தெருமுனைக் கடையில், இங்கே தெப்பனர் என்பார்கள், ஒரு வெறிகாரன் வரிசையில் நின்ற வயதான பிலிப்பைன்ஸ் மனிசியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனான். மனிசியின் முட்டைப்பெட்டி நிலத்தில் விழுந்து உடைந்தது. பின்னால் நின்ற அக்கா அவன் முதுகில் விரலால் தட்டினார். "மெசியே," ஐயா என்றார். அவன் திரும்பவில்லை. இன்னொரு தட்டு, "மெசியே." அவன் திரும்பி, யாரென்று பார்த்து, கண் இரண்டும் அக்காவில் நிலைத்த பிறகுதான் விட்டார் ஒரு அறை. அவன் சிப்ஸ் தட்டோடு சேர்ந்து விழுந்தான்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "என்னத்துக்கு அக்கா கூப்பிட்டு அடிச்சனீங்கள்? அவன் திருப்பி அடிச்சிருந்தா?"

"அடிச்சா வாங்குறது. ஆளுக்கு ஆள் முகம் தெரியவேணும் தம்பி. முதுகுக்குக் கண் இருக்கா?"

புருசனைத் துரத்திய கதையும் இதுதான். அவரை நான் பார்த்தபோது நகரின் ஓரத்தில் ரொக்ஸ்பரோவில் வேறு குடும்பத்தோடு இருந்தார், சாதுவான மனிசன்போலத்தான் தெரிந்தார். இருவரும் வாய்ச்சண்டையிலும் கைச்சண்டையிலும் சளைத்தவர்கள் இல்லை. அதையெல்லாம் அக்கா பெரிதாக எடுக்கவில்லை. ஒரு நாள் அக்கா சிங்கில் அரிசி கழுவிக்கொண்டு நின்றபோது அவர் பின்னால் வந்து பிடரியில் அடித்தார். நெற்றி குழாயில் மோதி வெடித்தது. அக்கா அரிசிச் சட்டியை வைத்துவிட்டு, கிறுகித் திரும்பி நின்று, இரத்தம் கண்ணுக்குள் வடிய வடிய அவரைப் பார்த்தபடியே சட்டியின் மூடியால் அவர் மூக்கை உடைத்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான் கலியாணம். அந்தத் தழும்பு நெற்றியில் மாறவே இல்லை. அப்போது தர்ஷனுக்கு ஐந்தோ ஆறோ வயது, மேசைக்குக் கீழே இருந்து பார்த்தானாம்.

நான் சொல்லவந்த பருவம் தர்ஷனின் கடைசி வருடம். பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் வந்து ஆள் பொறுக்கும் காலம் அது. பொடியன் அந்த வருடம் பேய்போல ஆடினான். மழையில் ஒரு ஆட்டம் நடந்தது, எதிரணிக்காரன் ஒருவன் இவனோடு மோதிவிட்டு எழும்பி, தன்னுடைய ஆட்கள் இருந்த பக்கம் போகாமல் எங்கள் பக்கம் வந்து குந்திக்கொண்டான். எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு காலடியில் சத்தி எடுத்தான். படிகளில் இருந்த தாய்மார் முகத்தைப் பொத்தினார்கள். அக்கா பொத்தவில்லை. "நேரே வந்தான், நேரே வாங்கினான். பாவம், பிள்ளை நல்ல பிள்ளை" என்றார். இந்த மனிசியின் பக்கத்தில் இருப்பது சிலவேளை பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லிப் பயனில்லை.

அரையிறுதி கறுப்புச் சட்டைக்காரரோடு. வென்றால் கூட்டமைப்பின் இறுதி ஆட்டம். அதற்குமுன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து தர்ஷனுக்கு வாய்ப்பேச்சாக இடம் வந்திருந்தது, இறுதி ஆட்டம் முடியக் கையெழுத்து என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டார். கறுப்பு அணியின் குவாட்டர்பேக் எட்டாம் நம்பர், மத்தியூ என்று பெயர், மெலிந்த கெட்டிக்காரப் பொடியன். அன்று தர்ஷனால் அவனைப் பிடிக்கவே முடியவில்லை. ஒவ்வொரு முறையும் விரல் நுனியில் நழுவினான். நழுவிவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

ஆட்டம் முடியும் நேரம் மத்தியூ எறிந்த பந்தை எங்கள் ஆள் ஒருவன் இடையில் மறித்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கினான். மைதானமே எழும்பியது. நடுவர்கள் அவன் பின்னால் ஓடினார்கள், கமெராக்கள் அவன் பின்னால் திரும்பின, கையில் ஃபோன் வைத்திருந்த அத்தனை பேரும் அவனைத்தான் பிடித்தார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கோட்டைத் தாண்டினான், நாங்கள் வென்றோம்.

யாரோ விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். திரும்பிப் பார்த்தால், பந்து போன பக்கத்துக்கு நேர் எதிராக, வெறும் புல்லில் எட்டாம் நம்பர் குப்புறக் கிடந்தான். அசையவில்லை. தர்ஷன் சற்றுத் தள்ளி ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

அக்கா படியில் பொத்தென்று குந்திவிட்டார். அவர் முகத்தை அப்படி நான் அதற்குமுன் கண்டதில்லை.

பந்து கைமாறிய பிறகு குவாட்டர்பேக்கையும் இடிக்கலாம், முன்னால் நின்று. பின்னாலிருந்து இடிப்பது குற்றம். தர்ஷன் நடுவரிடம் சொன்னது: "முன்னுக்குத்தான் போனேன், அவன் கடைசி நேரம் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான்." யாரும் பார்க்கவில்லை. ஒரு படத்திலும் இல்லை. நடுவர்கள் தண்டனை ஒன்றும் கொடுக்கவில்லை. மத்தியூவைப் பலகையில் கட்டி அம்புலன்சில் ஏற்றினார்கள்.

காரில் நாங்கள் இருவர் மட்டும் வரும்போது அக்கா கேட்டார். "நீ பார்த்தியா தம்பி?"

"இல்லை அக்கா. எல்லாரும் மற்றப் பக்கம்தானே பார்த்தனாங்கள்."

"நான் பார்த்தன்."



வார நடுவில் செய்தி வந்தது. மத்தியூவின் கழுத்தில் முள்ளந்தண்டு அடிபட்டுக் கால்கள் அசையவில்லை, இடது கையும் சரியில்லை. நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. தலையைக் குனிந்து இடி வாங்காதே என்று சின்ன வயதிலிருந்தே சொல்லித் தருவார்கள், அதைத்தான் தவறவிட்டேன், என் பிழைதான் என்று கட்டிலில் கிடந்து தாயிடம் அழுகிறானாம். தாய் அதை நம்பவில்லை. பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று கூட்டமைப்பு எல்லாப் பெற்றோருக்கும் அறிவித்தது. இறுதி ஆட்டத்துக்கு இன்னும் சில நாள்தான்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். போகும்போது மேலே சண்டை தொடங்கியிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"உனக்கு முதல்ல சொல்லிப்போட்டுத்தான் மனே போறன். ஒளிச்சுப் போகல்ல."

"அம்மா, யூனிவர்சிட்டி போயிடும்! எல்லாம் போயிடும்! விளங்குதா உங்களுக்கு?"

"விளங்குது."

"எல்லாரும் செய்யிறது அம்மா! ஒருத்தரும் பார்க்கேல்ல!"

"நான் பார்த்தன்."

தர்ஷன் குளிர்பெட்டியில் குத்தினான். கதவு உள்ளே நெளிந்தது. இன்னொரு குத்து. விரல் மொளியில் தோல் கிழிந்து வெள்ளைக் கதவில் இரத்தம் வடிந்தது. "நீங்கதானே கத்தினீங்க! சின்ன வயசில இருந்து அடி அடி எண்டு நீங்கதானே கத்தினீங்க! இப்ப நான் மட்டும் மிருகமா?"

அக்கா அவனுக்குக் கிட்டப் போனார். அவன் நெஞ்சளவுக்குத்தான் இருப்பார்.

"ஓம், கத்தினன். இனியும் கத்துவன். ஆனா அந்தப் பிள்ளை உன்னைக் காணல்ல. அவன் பந்து போற பக்கம் பார்த்துக்கொண்டு நடந்து போனான். எங்கயிருந்து ஓடி வந்த நீ? எவ்வளவு தூரம் ஓடி வந்த நீ? யோசிக்க நேரம் இருந்திச்சுத்தானே?"

அவன் குனிந்து தாயைப் பார்த்தான். அக்கா அவன் கன்னத்தில் அறைந்தார், பலமாக. பிறகு ஒரு துணியை நனைத்து அவன் கையில் சுற்றப் பார்த்தார். அவன் கையை உதறிக்கொண்டு என்னையும் தள்ளிவிட்டு வெளியே போனான்.

"அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்றேன். "அந்தப் பிள்ளைக்கு நடந்தது நடந்துபோச்சு. உங்கட பிள்ளையின்ர வாழ்க்கையையும் ஏன் சேர்த்து முறிக்கிறியள்? வாயை மூடிக்கொண்டிருங்கோ."

இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"நீ காரை எடு தம்பி. பிரெஞ்சில சொல்ல எனக்கு வாய் வராது."

கூட்டமைப்பின் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் ஒரு ஆணும். அக்கா வேலைக்குப் போகும் சப்பாத்தோடு நிமிர்ந்து இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். முக்கியமான இடம் வந்ததும், "பக்கத்திலிருந்து வந்து இடித்தான் என்கிறார்," என்றேன். பக்கம் என்றால் வாதாட இடம் இருக்கும், அதனால்தான்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாள் முழுக்க நோயாளிகளைப் பக்கமாகவும் முதுகுப் புறமாகவும் புரட்டுகிறவருக்கு அந்தப் பிரெஞ்சுச் சொற்கள் தெரியாமலா இருக்கும்? எழும்பினார். என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கையாலும் என் முதுகில் ஒரே தள்ளு. மேசை விளிம்பு என் நெஞ்சில் இடித்தது. கோப்பிக் கோப்பை சரிந்தது. அந்த இருவரும் பதறி எழும்பினார்கள்.

"மொன் ஃபிஸ்," என்றார் அக்கா. என் மகன். "கொம் சா." இப்படி.

மேற்கொண்டு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

தர்ஷனுக்குத் தடை விதித்தார்கள். இறுதி ஆட்டத்தில் செம்மஞ்சள் அணி படுதோல்வி. பல்கலைக்கழகத்திலிருந்து அதன்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று எங்கள் ஆட்களே கோயிலில் வைத்து முகத்தைத் திருப்பினார்கள். அக்காவின் கதவில் யாரோ முட்டை அடித்துவிட்டுப் போனார்கள். "முகத்தைக் காட்டாத நாய்" என்று திட்டிக்கொண்டே அக்கா கழுவினார். எல்லாவற்றையும் தாங்கினார். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. தர்ஷன் உடுப்பைக் கட்டிக்கொண்டு ரொக்ஸ்பரோவுக்கு, தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டான். ஃபோன் எடுத்தாலும் பேசுவதில்லை. உலகத்தில் வேறு யாரிடம் போயிருந்தாலும் அக்கா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். சோறு வடித்தால் இரண்டு பேருக்கு வடித்துவிட்டு, மிச்சத்தை எனக்குக் கொண்டு வந்து தருவார். நண்டுக்கறி சாப்பிட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. அக்காவுக்கு முன்னால் ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை.

லீவு நாட்களில் அக்கா தனியாக பஸ் ஏறி ஒரு இடத்துக்குப் போய்வந்தார். அடிபட்டவர்களை அசையப் பழக்கும் பயிற்சி இல்லத்துக்கு, மத்தியூவை அங்கேதான் வைத்திருந்தார்கள். முதல் தடவை அவன் தாய் கதவை முகத்தில் அடித்துச் சாத்தினார். அடுத்த தடவையும் சாத்தினார். பிறகு ஒரு நாள் மத்தியூவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஆள் போதாமல் திணறியபோது, அக்கா உள்ளே போய் அவனைத் தூக்கி இருத்தினார். அதற்குப் பிறகு கதவு சாத்தப்படவில்லை.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, "ரொக்ஸ்பரோவுக்கு விடு தம்பி" என்றார். தகப்பன் வீட்டு முன்றலில் தர்ஷன் பனி அள்ளிக்கொண்டிருந்தான். மெலிந்து, தாடி வளர்ந்து போயிருந்தான். அக்கா இறங்கி, பனிக்குவியலுக்கு அந்தப் பக்கம் அவனுக்கு நேரே நின்றார். அவன் பார்த்தான். திரும்பவும் அள்ளினான். மண்வாரி சீமெந்தில் உரசும் சத்தம் மட்டும். அக்கா நகரவில்லை. காது குளிரில் சிவந்து போனது. நான் காருக்குள் இருந்து, ஏதாவது பேசுங்கோ அக்கா, ஏதாவது பேசுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

கடைசியில் தர்ஷன்தான் கேட்டான். "அவன் நடக்கிறானா அம்மா?"

"இல்ல மனே."

மண்வாரி அவன் கையிலிருந்து விழுந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே குந்திவிட்டான். அக்கா அவனைத் தூக்கவில்லை. அவன் தானாக எழும்பி வந்து காரின் பின்கதவைத் திறந்து ஏறும்வரை காத்திருந்தார். எங்கே போகவேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பயிற்சி இல்லத்தின் அறையில் மத்தியூ யன்னல் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தான். தாய் கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். தர்ஷன் நேரே போய் அவன் முன்னால் நின்றான்.

"நான்தான்," என்றான் பிரெஞ்சில். "நீ தலையைக் குனியேல்ல. நான்தான் பின்னால வந்தனான்."

மத்தியூ அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவனுடைய வலது கை கைப்பிடியிலிருந்து எழும்பியது. மெலிந்த கை. முழுப்பலத்தோடு வீசினான். அது தர்ஷனின் வயிற்றில் பட்டு வழுகியது. திரும்ப வீசினான். முகத்துக்குத்தான் குறி, எட்டவில்லை. நாற்காலி குலுங்கியது, அவன் வாயிலிருந்து அழுகையா கோபமா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. தாய் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் தடுக்க ஓடி வந்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அக்காவுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் பிடியை விடவில்லை, மகனிடமிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

தர்ஷன் மத்தியூவின் முன்னால் முழங்காலிட்டான். முகத்தை நிமிர்த்திக் கொடுத்தான்.

இந்த முறை கை எட்டியது.